சென்டர் ஹாஃபுக்குப் பூப்போட்டுப் பார்த்தது

ராசம்மாளுக்குப் பந்தாட்டம் பிடிக்கும் என்று சொன்னால் அது முழுக்கச் சரியாகாது. பிடிப்பது, பிடிக்காதது இரண்டுமே அவளை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தவழத் தொடங்கியிருந்த அவளுடைய பெண் குழந்தை அம்மை வார்த்துப் போய்விட்டது. அதன் பிறகு சோறும் கூழும் ஒரே மாதிரி இருந்தன, அதாவது எதிலும் ருசி இல்லை. வெயிலில் நின்றால் வெயில் என்று தெரியும்; சுடாது. மில்லில் ரீலிங் பகுதியில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற வேலை அவளுக்கு. கை தன்பாட்டுக்குச் சுற்றியது, கட்டியது. பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள், "ஒருக்கா ஓன்னு அழுது போடுக்கா, நெஞ்சு லேசாயிரும்" என்று பல தடவை சொல்லிப் பார்த்தாள். வராததை எங்கிருந்து கொண்டுவருவது?

பந்து மட்டும் வேறு. மைதானத்தில் பந்து உருளத் தொடங்கினால் அவளுடைய கண் அதன் பின்னாலேயே போய்விடும். அதில் சந்தோஷம் என்று ஒன்றுமில்லை. ஓடுகிற வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றால் கண் தானாகத் தண்ணீரோடு போகுமே, அந்த மாதிரி. போன கண், யார் எங்கே நிற்கிறான், யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வந்தது. பார்த்ததை வாய் சொல்லியது.

மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்த புதிது. சிங்காநல்லூர்ச் சாலையில் மில்லுக்கு அடுத்து மில்லாக எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு பந்து டீம் வேண்டியிருந்தது. ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைக்க ஒரு வெள்ளிக் கோப்பையும் வேண்டியிருந்தது. பந்து ஆடத் தெரிந்தவனுக்கு வேலை சுலபமாகக் கிடைத்தது. பதினோரு பேரில் ஒருவனாக இருக்கும்வரை லேசான வேலை, சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே விடுதலை, எல்லாவற்றுக்கும் மேலாக மில் கட்டிய வரிசை வீடுகளில், லைனில், ஒரு வீடு. ஓடு வேய்ந்த வீடு. வாசலிலேயே குழாய். டீமை விட்டுப் பெயர் போனால் அந்த மாதக் கடைசியோடு வீடும் போகும். இதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. லைனில் எல்லாருக்கும் தெரியும்.

ராசம்மாளின் வீட்டுக்காரன் நஞ்சுண்டன் அந்த டீமின் சென்டர் ஹாஃப். மைதானத்தின் நடு ஆள். முன்னால் நிற்கிற ஐந்து பேருக்கும் பந்து எடுத்துக் கொடுப்பவன் அவன். எதிராளி வந்தால் பின்னால் இருக்கிற இரண்டு பேக்குகளுக்கும் முன்னே நின்று தடுப்பவனும் அவன். டீம் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடம் அவனுடையதாகவே இருந்தது. ராசம்மாள் அந்த ஓட்டு வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தால்தான்.

மைதானத்தின் கிழக்கோரத்தில் ஒரு வாகை மரம். வேலை முடிந்த பெண்கள் அதன் அடியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். ராசம்மாள் மைதானத்தைப் பார்த்து உட்காருவாள். அவளுடைய பேச்சைக் கேட்க ஆண்களும் மரத்துக்குக் கொஞ்சம் பக்கமாக வந்து நிற்பதுண்டு. கேட்டதை டீக்கடையில் போய்த் தங்கள் யோசனையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

"அந்த ராமுலு இருக்கறானே, கோலாரிலிருந்து கூட்டியாந்தவன்," என்பாள். "அவன்ற காலுக்குப் பந்து வந்தாப் போச்சு. பொண்ணு மாப்ள ஊர்கோலமாட்ட நாலு பக்கமும் காமிச்சுட்டுத்தான் உடுவான். அதுக்குள்ள அவிய ஆளுக நாலு பேரு வந்து நின்னுக்கறாங்க."

"அப்ப நீ போய் ஆடிப்போட்டு வாக்கா," என்பாள் செல்லாத்தாள். "சீலையத் தூக்கிச் சொருகிக்கோ."

"எனக்கு மூச்சு வாங்கும். அவனுக்கென்ன கேடு, எளவட்டம்."

அவள் சொன்னதெல்லாம் பலித்தது என்றும் சொல்ல முடியாது. கோல்கீப்பர் வேலுமணியை எதற்கும் ஆகாதவன் என்று ஒரு சீசன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஒருநாள் பெனால்ட்டி ஒன்றைப் பாய்ந்து பிடித்தான். மைதானமே எழுந்து குதித்தது. ராசம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே, "வழுக்கி உழுந்தான். நல்லவேளை, அந்தப் பக்கமா உழுந்தான்" என்றாள்.

போன சீசனில் கோப்பை கைக்கெட்டி நழுவியதும் முதலாளி ஒரு பந்து வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பஷீர் என்று பெயர். கோட்டைமேட்டுக்காரர். வெல்லிங்டன் பட்டாளத்தில் வெள்ளைக்காரச் சோல்ஜர்களோடு ஆடிப் பழகியவர். நரைத்த மீசை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் விசில். வந்ததுமே டீமின் வழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தார். ஆட்டத்துக்கு முன்னால் வயிறு முட்டக் களி கூடாது என்றார். விடிகாலையில் நொய்யல் ஆற்று மணலில் எல்லாரையும் ஓடவிட்டார். தினமும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கூச்சல் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, பந்தைத் தட்டித் தட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தார். "பொட்டப்புள்ளைக அம்மானை ஆடறமாட்ட" என்று ராமுலு கேலி செய்தான். அதுவரை ராசம்மாளுக்கு எல்லாம் சரியாகவே பட்டது.

பிறகுதான் வாத்தியார் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்தார். இரண்டு பேக்குகளுக்கும் நடுவில் அவனை நிறுத்தி, எதிராளியின் சென்டர் ஃபார்வர்டு எங்கே போகிறானோ அங்கே நீயும் போ, உனக்கு வேறு வேலை இல்லை என்றார். அன்று தண்ணீர் குடிக்க வாகை மரத்தடிக்கு வந்தவரை ராசம்மாள் விடவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, நடு ஆளக் கொண்டுபோயிப் பின்னால கட்டிப்போட்டா, நடுவுல யாருங்க இருக்கறது? அங்க குதிர வண்டியே ஓட்டலாமாட்ட இருக்குது."

பஷீர் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "முன்னால இருக்கறவங்கள்ல ரெண்டு பேரு இறங்கி வருவாங்க, தங்கச்சி."

"எறங்குவாங்க, சரிங்க. எறங்குனவிய மறுக்கா ஏறுவாங்களா?"

"அதுக்குத்தான் மணல்ல ஓடவிடறேன்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளுக்குச் சமாதானமாகவில்லை. அடுத்த சில ஆட்டங்களிலும் அதே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கட்சியின் சென்டர் ஃபார்வர்டை மட்டும் தனியாகக் கவனித்தாள். பெயர் பெற்ற ஆட்டக்காரன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல ஆட்டம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனான். "வாத்தியாருக்குச் சித்த வெவரம் இருக்குது" என்று சொல்லி அந்தப் பேச்சை அதோடு விட்டாள்.

ஆனால் அதே ஆட்டத்தில் இன்னொன்றையும் பார்த்துவிட்டாள். அந்த இடத்தில் நிற்பவன் ஓட வேண்டியது குறைவு. திரும்ப வேண்டியது அதிகம். முதுகுப் பக்கம் பந்து விழுந்தால் நின்ற நிலையிலேயே சடாரென்று திரும்ப வேண்டும். நஞ்சுண்டனால் திரும்ப முடியவில்லை. எதிராளி நல்லவன் போல நின்றதால் தப்பித்தது.

போன வருஷம் ஓர் ஆட்டத்தில் அவனுடைய வலது முட்டி முறுக்கிக்கொண்டது. இளநீர்க்காய் அளவுக்கு வீங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டு நீர் எடுத்தார். உள்ளே ஒரு சவ்வு கிழிந்திருக்கிறது, இன்னொரு தடவை இப்படி முறுக்கினால் கால் கம்பு மாதிரி நின்றுவிடும், பிறகு மடக்கவே முடியாது என்றார். அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி கட்டுப் போடுகிற முறையை ராசம்மாளுக்குக் காட்டிக் கொடுத்தாள்: கீழிருந்து மேலே சுற்ற வேண்டும், முட்டிச் சில்லின் மேல் இறுக்கக் கூடாது, கட்டிய பிறகு கால்விரல் ஜில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ராசம்மாள் ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். முட்டிக்கு மேலே விரலால் அழுத்தினால் கீழே நீர் நகர்வது தெரியும். வாரா வாரம் அது கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

நஞ்சுண்டன் மட்டும் மைதானத்தில் நொண்டாமல் நடந்தான். வீட்டு நடையைத் தாண்டுகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பான். கதவைச் சாத்தியதும் சுவரைப் பிடித்துக்கொள்வான்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிதுரை வந்து சேர்ந்தான். தாராபுரத்தில் பருத்தி அரைத்துக் கொட்டை நீக்குகிற ஆலை ஒன்றில் இருந்தவன். நெடுநெடுவென்று உயரம், விடைத்த காதுகள், வாயில் பேச்சே இல்லை. முதல் நாள் பயிற்சியில் பஷீர் அவனைப் பின்னால் நிறுத்தித் தலைக்கு மேலே பந்துகளை வீசினார். எண்ணெய் விட்ட கதவு போல அவன் திரும்பினான்.

"இவந்தான் அந்த எடத்துக்கு," என்றாள் ராசம்மாள்.

கடலை உரித்துக்கொண்டிருந்த செல்லாத்தாளின் கை நின்றது. "அக்கா, அது மாமன் எடமில்லையா?"

"ஆமா."

"அப்ப ஊடு?"

"ஊடுந்தான் போகும்."

"என்ன மனுசிக்கா நீ," என்றாள் செல்லாத்தாள். ராசம்மாளுக்கும் அது தெரியவில்லை. உள்ளே எங்காவது திடுக்கென்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. தம்பிதுரை இன்னொரு தடவை திரும்பினான். இடது பக்கமும் அதே மாதிரிதான் திரும்பினான்.

ரயில்வேக்காரர்களோடு கோப்பை ஆட்டம் வந்துகொண்டிருந்தது. பூட்ஸ் போட்டு ஆடுகிற டீம். வெறுங்காலோடு ஆடுபவர்கள் ஒதுங்கித்தான் ஆட வேண்டும். பஷீர் தம்பிதுரைதான் என்று சொல்லிவிட்டார். மில்லில் பழைய ஆட்களெல்லாம் கொதித்துப்போனார்கள். நஞ்சுண்டன் டீம் தொடங்கியவன், நேற்று வந்தவனுக்காக அவனைத் தள்ளுவதா என்று ஸ்பின்னிங் பகுதியில் பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி திருமூர்த்திக்கு இரண்டு பக்கமும் வேண்டியிருந்தது. ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில். அவர் சொல்லி வந்தவர்கள்தான் பாதி மில். ஆனால் வாத்தியார் முதலாளி கொண்டுவந்தவர்.

வீட்டில் நஞ்சுண்டன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ராசம்மாள் உப்பு வறுத்துக்கொண்டிருந்தாள்.

"நின்ன எடத்துல நிக்கறதுதானே புள்ள. மின்ன மாதிரி ஓட வேண்டியது ஒண்ணுமில்ல."

"திரும்போணுமுங்களே மாமா."

"திரும்புனாப் போச்சு."

"இந்த முட்டிய வெச்சுட்டா?"

அவன் அவளை முறைத்தான். "நீ என்ற பக்கமா, அந்தத் தாராபுரத்தான் பக்கமா?"

"எனக்குப் பக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலக் காட்டுங்க." முடிச்சை முட்டியில் வைத்தாள். அவன் பல்லைக் கடித்தான். "நீங்க உக்காந்துக்கங்க மாமா. அந்தத் தம்பி ஆடட்டும்."

"டாக்டரும் அதத்தான் சொன்னான். டாக்டருக்கா ஊடு போகுது? வாத்தியாருக்கா போகுது?" என்று கத்தினான். பிறகு குரலை இறக்கி, "எந்த ஆளு சொன்னாலும் நான் உக்கார மாட்டேன். அம்மனே வந்து சொல்லோணும்" என்றான்.

இதையே மறுநாள் மேஸ்திரியிடமும் சொன்னான். திருமூர்த்தி மேஸ்திரி அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

லைனில் எது முடிவாகாவிட்டாலும் மில் கேட்டை ஒட்டியிருந்த மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். பெண் கொடுப்பதா வேண்டாமா, கிணறு தோண்டுவது வடக்கிலா தெற்கிலா, எல்லாம் அங்கேதான். வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் சுருட்டி, எது எதென்று தெரியாதபடி நூலால் கட்டி, அம்மன் காலடியில் போட்டுவிடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். பிரித்தால் எந்த நிறமோ அது அம்மன் வாக்கு. அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

பஷீரிடம் சொன்னபோது அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "பட்டாளத்துல காசு சுண்டுவோம். இங்க பூவா? ஆகட்டும். ஆனா பூ சொன்ன பிறகு ஸ்பின்னிங்ல ஒருத்தனும் வாயத் தெறக்கக் கூடாது."

"தெறக்க மாட்டாங்க, வாத்தியாரே. அதுக்கு நானாச்சு," என்றார் மேஸ்திரி.

வெள்ளை வந்தால் நஞ்சுண்டன். சிவப்பு வந்தால் தம்பிதுரை. பொட்டலம் கட்டுகிற வேலை ராசம்மாளுக்கு வந்தது. குழந்தை போவதற்கு முன்புவரை செவ்வாய்க்கிழமை பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அதன்பின் கோயில் படி ஏறவில்லை. இதைச் சாக்காக வைத்தாவது வரட்டும் என்று மேஸ்திரி நினைத்தார். தம்பிதுரை பக்கம் இருந்த இரண்டொருவர், ஆட்டக்காரன் பெண்சாதியே கட்டுவதா என்று இழுத்தார்கள். "வெள்ள வந்துதுன்னா அந்த இன்னொண்ணையும் உங்க கண்ணு மின்னாலயே பிரிச்சுக் காட்டிப் போடறேன், போதுமில்ல?" என்று மேஸ்திரி அவர்கள் வாயை அடைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் செல்லாத்தாள் பூவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேஸ்திரி வீட்டு நந்தியாவட்டை, பஞ்சுக் கிடங்கு வேலியோரத்துச் செவ்வரளி. ஒன்று கசங்கினால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டிலும் கூடவே பறித்து வந்திருந்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டிப்போடாதக்கா," என்று கண்ணைச் சிமிட்டினாள். "மேஸ்திரி பிரிச்சுப் பாப்பாராமா."

"போடி அக்கட்டால. வேலைக்கு நேரமாச்சு."

செல்லாத்தாள் போன பிறகு ராசம்மாள் கதவை ஒருக்களித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். வாழை இலையில் இரண்டு துண்டு கிழித்தாள். ஒன்றில் செவ்வரளியை வைத்துச் சுருட்டி, சிட்டம் கட்டுகிற முடிச்சுப் போட்டாள். இரண்டாவது இலையில் நந்தியாவட்டையை வைத்தாள். சுருட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை எதை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையை எடுத்தால் அவன் ஞாயிற்றுக்கிழமை ரயில்வேக்காரனுக்கு எதிரே போய் நிற்பான். பூட்ஸ் கால் ஒன்று, ஒரு திரும்பல், அவ்வளவுதான். கம்பு மாதிரி நிற்கிற காலோடு குந்தவும் முடியாது, படியேறவும் முடியாது. அதோடு டீமிலிருந்தும் போவான், வீடும் போகும். சிவப்பை எடுத்தால் வீடு மட்டும் போகும்.

வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். ஓட்டுக்கு நடுவில் வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடி. வாசல் குழாய். உத்தரத்தில் தொட்டில் கயிறு போட்ட கொக்கி. இந்தக் கொக்கியைப் பார்த்தால் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மனுக்குப் பயப்பட வேண்டுமே என்றும் யோசித்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன அன்றோடு அந்தப் பயம் முடிந்திருந்தது. கோபமும் இல்லை. தடுக்க ஒன்றும் இல்லாததால் கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. நந்தியாவட்டையை எடுத்து அடுப்பில் போட்டாள். இலையில் இன்னொரு செவ்வரளியை வைத்தாள். சுருட்டி, அதே முடிச்சைப் போட்டு, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரே கனம்.

சாயங்காலம் கோயிலில் கால் வைக்க இடமில்லை. பஷீர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். தம்பிதுரை அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நஞ்சுண்டன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலுக்கு நேரே நின்றான். நேராகத்தான் நின்றான்.

கோயில் பூசாரி பண்டாரம் பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் போட்டுக் கற்பூரம் காட்டினார். அவருடைய பேத்தி, வெல்லம் ஒட்டிய கையோடு, ஒன்றை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டினாள். முடிச்சு சுலபமாக அவிழவில்லை. பண்டாரம் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

சிவப்பு.

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நஞ்சுண்டன் கண்ணை மூடிக் கைகூப்பினான். பிறகு, "அவளே சொல்லிப்போட்டா. அப்பறமென்ன" என்றான்.

"அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துப் போடலாமுங்களே," என்றாள் செல்லாத்தாள். வேடிக்கை பார்க்கிற ஆசை அவளுக்கு. ராசம்மாள் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா இரு அம்மணி," என்றார் மேஸ்திரி. "செவப்பு வந்துபோச்சு. இனி அதுல என்ன இருக்கப்போகுது? வெள்ளதான்." பண்டாரம் அந்தப் பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போட்டார்.

வெள்ளைக்காகத் திருட்டுத்தனம் செய்வாள் என்று சந்தேகப்பட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவப்புக்காக ஒருத்தி அதைச் செய்வாள் என்று யாருக்குத் தோன்றும்?

நஞ்சுண்டன் வீட்டுக்கு நடந்தான். ராசம்மாள் பின்னால் வந்தாள். கோயில் படி இறங்கியதிலிருந்தே அவன் நொண்டினான். ஊர் பார்க்க, நன்றாகவே நொண்டினான்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் மைதானத்துக்கு லைனில் பாதிப்பேர் போனார்கள். நஞ்சுண்டன் போகவில்லை. ராசம்மாள் செல்லாத்தாளோடு போய்க் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்தாள். ரயில்வேக்காரர்களின் பூட்ஸ் சத்தம் தரையில் கேட்டது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு சிவந்த முடிக்காரன், எருதுக் கழுத்து. தம்பிதுரை அவனை நிழலாட்டம் ஒட்டிக்கொண்டான். அவன் போனால் இவனும் போனான். தலைக்கு மேலே பந்து வந்தபோதெல்லாம் திரும்பினான்.

இரண்டாம் பாதியில் ஒரு தடவை பந்து இடது ஓரம் போனது. தம்பிதுரை பந்தைப் பார்த்துவிட்டான். சிவந்த முடிக்காரன் சத்தமில்லாமல் அவன் முதுகுக்குப் பின்னால் நழுவினான்.

"தொர! பின்னால பாரு!"

குரல் கரகரவென்று மைதானத்தின் குறுக்கே போனது. தம்பிதுரை திரும்பிப் பந்தைத் தட்டி வெளியே அனுப்பினான். பக்கத்திலிருந்த ஆண்களெல்லாம் சிரித்தார்கள்.

"யாருக்கா அது கத்துனது?" என்றாள் செல்லாத்தாள், வேண்டுமென்றே.

"நாந்தான்."

"அட, சத்தமெல்லாம் வருதே."

டீம் தோற்றது. ராமுலு பந்தை ஊர்கோலம் விட்டுப் பறிகொடுத்தான். அவன் பக்கத்திலிருந்தே கோல் வந்தது. வேலுமணி வழுக்கி விழுந்தான், இந்தத் தடவை இந்தப் பக்கமாக. ஒன்றுக்குப் பூஜ்யம்.

வீட்டில் நஞ்சுண்டனுக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "நானிருந்திருந்தா அந்தக் கோலு உட்டிருக்க மாட்டேன்," என்றான்.

"கோலு அந்தப் பக்கமிருந்து வல்லீங்க மாமா. ராமுலு பக்கம்."

"எந்தப் பக்கமா வந்தா என்ன? நானிருந்திருந்தா வருமா?"

"சரிங்க. காலக் காட்டுங்க."

ஒத்தடம் கொடுத்துவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தாள். கத்தியதில் தொண்டை எரிந்தது. கஞ்சியில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டிருந்தது. தெரிந்தது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். ஆமாம், கூடத்தான்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார்கள். கள்ளிமடையில் ஓர் ஓலைக்கூரை வீடு கிடைத்தது. தண்ணீருக்குப் பொதுக்கிணறு, ஏழெட்டு வீட்டுக்கு ஒரே கயிறு. மேஸ்திரி மனதுவைத்து நஞ்சுண்டனைப் பஞ்சுக் கிடங்கில் காவலுக்குப் போட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. கூலி குறைவு. ராசம்மாள் ரீலிங்கிலேயே இருந்தாள். இரண்டு கூலியையும் சேர்த்தால் வயிறு நனைந்தது.

ஓட்டு வீட்டுக்குத் தம்பிதுரை தன் தாயார் முத்தாத்தாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ராசம்மாள் கடைசிச் சட்டியை எடுக்கப் போனபோது அந்தக் கிழவிக்குக் குழாயின் தலையில் எந்த இடத்தில் தட்டினால் தண்ணீர் வரும் என்று காட்டிக் கொடுத்தாள். தம்பிதுரை வாசலில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. நானா எதும் கேக்குலீங்க."

"எதுக்குத் தப்பா நெனைக்கறது? ஆளப் பாரு, பந்தப் பாக்காத. அன்னைக்கு அந்தச் செவத்த முடிக்காரன் உனக்குப் பொறத்தால போனானில்ல? பந்து எங்க போனாலும் உன்ற கண்ணு அவன் மேல இருக்கோணும்."

"சரீங்கக்கா."

அடுத்த வருஷம் கோப்பை வந்தது. ராமுலு அப்போது டீமில் இல்லை. அது தன்னால்தான் என்று ராசம்மாள் சொல்லிக்கொண்டாள், பஷீர் மறுக்கவில்லை. வாகை மரத்தடியில் அவர்கள் இரண்டு பேரும் போட்ட சண்டைகளில் பாதி அவள் ஜெயித்தாள், பாதி அவர். வேலுமணியைப் பற்றிய சண்டை மட்டும் முடியவே இல்லை. நஞ்சுண்டன் கொஞ்ச காலம் மைதானத்தின் பக்கம் தலைவைக்காமல் இருந்தான். பிறகு கிடங்கிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தான். புதிதாக வந்தவர்களிடம், "ஆளு சொல்லி நான் உடுலீங்க. அம்மனே சொன்னா, உட்டுப் போட்டேன்" என்று சொல்வான். சொல்லும்போது தலை நிமிர்ந்திருக்கும். ராசம்மாள் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவனிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை. லைனில் வேறு யாருக்காவது பூப்போட்டுப் பார்க்க வேண்டியிருந்து பொட்டலம் கட்டக் கூப்பிட்டால், "முடிச்சு எனக்குச் சரியா உழுகறதில்லீங்க, வேற யாரையாச்சும் கேளுங்க" என்று அனுப்பிவிடுவாள். நாள் முழுக்க நூலில் முடிச்சுப் போடுகிறவள் இப்படிச் சொல்கிறாளே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த முட்டி கடைசிவரை மடங்கியது. கிழவனான பிறகும் நஞ்சுண்டன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சாப்பிட்டான். ராசம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு அந்த முட்டியை ஒரு தடவை பார்ப்பாள். வீக்கம் இல்லையென்றால் குழம்பை ஊற்றுவாள்.